திருத்தணிகைக்கு வழி யாது?

சைக்கிளேறும் நேயர்கள் சிலர், கணிப்பொறியின் துணையால் பிரயாண மார்க்கத்தை வகுத்துக் கொள்ளும் வழக்கத்தைப் பற்றி நமது அபிப்பிராயத்தை வெளியிட வேண்டுமென்று சில காலமாகக் கேட்டு வருகிறார்கள். பேச வேண்டிய பெரிய விஷயங்கள் எத்தனையோ கிடக்க, மிதிவண்டியின் மார்க்கத்துக்குத் தலையங்கம் எழுதுவதா என்று முகஞ் சுளிப்போரும் இருப்பர். அவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். ஒரு தேசத்தின் படத்தை வரைகிறவர் யார், அதில் எந்த ஊருக்கு எந்தப் பெயரை எந்த எழுத்தில் இடுகிறார், எந்த ரஸ்தா யாருக்கு உரியதென்று குறிக்கிறார் என்பவை ராஜீய விஷயங்களே யன்றி வேறல்ல. தமிழகத்தின் மற்ற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கலாம்; திருத்தணிகைவாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. படத்தில் ஒரு கோடு இப்புறம் விழுவதா அப்புறம் விழுவதா என்பதற்காகச் சிறை சென்றவர்களின் ஊர் அது.

முதலில் விஷயத்தை உள்ளபடி சொல்லி விடுவோம். மார்க்கம் வகுக்கும் மென்பொருள் ஊரையும் மலையையும் நாம் பார்ப்பது போலப் பார்ப்பதில்லை. அதற்கு நாடு என்பது முடிச்சுகளும் கயிறுகளும் கொண்ட ஒரு வலை. சாலைகள் கூடுமிடம் முடிச்சு. இரு முடிச்சுகளுக்கு இடைப்பட்ட சாலை கயிறு. ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு விலை கட்டப்பட்டிருக்கும். புறப்படுமிடத்திலிருந்து சேருமிடம் வரை மொத்த விலை எவ்வழியில் மிகக் குறைவோ, அவ்வழியே மார்க்கம் என்று அது தீர்ப்புச் சொல்லும். இக்கணக்கின் மூல முறையை 1956-ல் ஹாலந்து தேசத்து டைக்ஸ்ட்ரா என்பவர் கண்டறிந்து 1959-ல் பிரசுரித்தார். கணக்கில் பிழையில்லை. சங்கடமெல்லாம் விலை கட்டுவதில் இருக்கிறது. மோட்டார்க்காரனுக்கு விலை என்பது பெரும்பாலும் நேரம். சைக்கிள்காரனுக்கோ லாரிகளின் நெருக்கம், தாரின் நிலை, ஏற்றத்தின் கடுமை, வழியில் நிழலும் நீரும் உண்டா என்பவையெல்லாம் விலையைச் சேர்ந்தவை. மோட்டாருக்குக் கட்டிய விலையைக் கொண்டு மிதிவண்டிக்குத் தீர்ப்புச் சொன்னால், அத்தீர்ப்பு அப்பீலில் நிற்காது.

நாமே பரீட்சை செய்து பார்த்தோம். திருவள்ளூரிலிருந்து திருத்தணிகைக்குச் சுமார் 40 கிலோமீட்டர். பிரசித்தி பெற்ற ஒரு மென்பொருளிடம் வழி கேட்டபோது, அது சற்றும் தயங்காமல் சென்னை–திருப்பதி தேசீய நெடுஞ்சாலையைக் காட்டிற்று. திருப்பதிக்குப் பறக்கும் பஸ்களும் சரக்கு லாரிகளும் உரசிக்கொண்டு போகும் அவ்வழியில் மிதிவண்டியோடு விடியற்காலையில் இறங்கியவர்களுக்கே அதன் சுகம் தெரியும். சைக்கிளுக்கென்றே அமைந்த வேறொரு மென்பொருளைக் கேட்டோம். அது பெரிய சாலையை அறவே தவிர்த்து, ஓர் ஏரிக்கரைமீது நம்மை அழைத்துச் சென்றது. காற்றும் தண்ணீரும் ரம்மியமாகவே இருந்தன. கரை பாதியில் உடைந்து, சீமைக் கருவேல முள் மண்டிய ஒரு பள்ளத்தில் வழி முடிந்தது. திரும்பி வந்து, திருவாலங்காட்டுக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பேற்றிச் சென்ற டிராக்டர்க்காரர் ஒருவரிடம் வழி கேட்டோம். “ஐயா, கரையில போகாதீங்க, மூணு வருஷமா அது இல்லை” என்றார் அவர். அவர் சொன்ன வழியே சரியான வழி. தாரிட்ட கிராமச் சாலை, வண்டிகள் சொற்பம், இருபுறமும் கரும்பும் நெல்லும், காரைக்கால் அம்மையார் பேரால் பெருமை பெற்ற ஆலங்காட்டுக் கோபுரத்தையும் தரிசிக்கலாம். அவ்வழி இரண்டு மென்பொருள்களின் படத்திலும் இருந்தது. ஆனால் அது தார்ச்சாலை என்ற குறிப்பு இரண்டிலும் இல்லை. குறிப்பில்லாத சாலையை ஒன்று மண்பாதை என்று எண்ணிற்று. மற்றொன்று பொருட்படுத்தவே இல்லை.

நியாய ஸ்தலத்தில் பழகிய எமக்கு இது புதிதல்ல. பொய் சொல்லும் சாட்சியைவிட, தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்லும் சாட்சியே அபாயமானவர். குறுக்கு விசாரணையில் அகப்படாமல் போய்விடுவார். மென்பொருள் வரையும் கோடு எப்போதும் ஒரே நிறத்தில், ஒரே பருமனில், சந்தேகத்தின் நிழல்கூட இன்றி விழுகிறது. அக்கோட்டில் எவ்வளவு பேர் நேரில் கண்டது, எவ்வளவு வானத்திலிருந்து எடுத்த புகைப்படத்தைப் பார்த்து எங்கோ உட்கார்ந்தவர் ஊகித்தது என்று படிப்பவருக்குத் தெரிவதில்லை.

ஆயினும் மென்பொருள்கள் எல்லாம் ஒரே தரத்தவை என்று நினைப்பது தவறு. கூகிள் கம்பெனியார் 2017 டிசம்பரில் இரு சக்கர வாகனத்துக்கென ஒரு வசதியை நம் நாட்டிலேயே முதன்முதலில் வெளியிட்டார்கள். அது மோட்டார் சைக்கிளுக்கு ஏற்பட்டது; மிதிப்பவனுக்கு அதனால் பிரயோஜனம் அற்பம். அக்கம்பெனியாரின் படம் அவர்கள் சொத்து. அதிலுள்ள பிழையை நாம் தெரிவிக்கலாம். திருத்துவதும் விடுவதும் அவர்கள் சித்தம். இதற்கு மாறானது 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் பொதுப் படம். அதில் எவரும் தம் ஊரை வரையலாம்; எவரும் அதை எடுத்துத் தம் காரியத்துக்கு உபயோகிக்கலாம். சாலை தாரா, மண்ணா, சைக்கிளுக்குத் தடையுண்டா, ஊரின் பெயர் தமிழில் என்ன, தெலுங்கில் என்ன என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே பதிய அதில் இடமுண்டு. அப்படத்தின்மேல் நிற்கும் பி-ரௌட்டர் போன்ற மென்பொருளில், எந்த வகைச் சாலைக்கு எவ்வளவு விலை என்பதைப் பிரயாணியே பார்க்கவும் மாற்றவும் கூடும். நீதிபதி எந்தச் சட்டத்தைக் கொண்டு தீர்ப்பளித்தார் என்று கட்சிக்காரருக்குத் தெரிவது எவ்வளவு பெரிய பாக்கியமென்று வக்கீல்களுக்குத் தெரியும்.

இங்கே பழைய கதை ஒன்றை நினைவுபடுத்துவது அவசியமாகிறது. பாரத தேசத்தை அளக்கும் மாபெரும் வேலை தொடங்கியது நமது பரங்கிமலையடியில்தான். 1802-ஆம் வருஷம் ஏப்ரல் 10-ஆம் தேதி லாம்ப்டன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி நூறடி எஃகுச் சங்கிலி கொண்டு அங்கே அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். சுமார் ஏழரை மைல் கோட்டை அளந்து முடிக்க 57 நாட்கள் ஆயின. அதற்கு முன்னரே, 1794-ல், நில அளவைப் பள்ளி ஒன்று சென்னையில் ஏற்பட்டிருந்தது. அதன் வழித்தோன்றலே இன்றைய கிண்டிப் பொறியியற் கல்லூரி. அரை டன் எடையுள்ள அளவைக் கருவியை நம்மவர் மலைக்கு மலை சுமந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் 1808-ல் ஏற்றும்போது அது மோதிச் சேதமடைந்த கதையும் உண்டு. உலகின் மிக உயர்ந்த சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டவர் வங்காளத்து ராதாநாத் சிக்தார். சிகரத்துக்குச் சூட்டிய பெயரோ எவரெஸ்ட் துரையுடையது. அளந்தவன் நம்மவன், சுமந்தவன் நம்மவன், படம் மட்டும் அன்னியனுடையது. வரி தண்டவும் படை நடத்தவும் அவர்களுக்குப் படம் வேண்டியிருந்தது.

அன்னியர் 1947-ல் போனார்கள். படம் ஜனங்கள் கைக்கு வந்துவிட்டதா? வருவதற்கு எழுபது வருஷங்களுக்கு மேல் சென்றன என்று சொல்ல நமக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. 2005-ல் வகுத்த தேசீயப் படக் கொள்கை, இராணுவத்துக்கு ஒரு வரிசை, ஜனங்களுக்கு ஒரு வரிசை என்று படங்களை இரண்டாகப் பிரித்தது. 2017-ல் ஜனங்களுக்கான வரிசையை இலவசமாக இறக்கிக் கொள்ள வசதி செய்தார்கள். ஆனால் தன் ஊர்ப் படத்தைப் பார்க்க விரும்பும் பிரஜை முதலில் தன் ஆதார் எண்ணைக் காட்ட வேண்டுமென்றார்கள். இதற்கு நடுவே 2016-ல் ஒரு மசோதாவின் நகல் வெளியாயிற்று. அனுமதியின்றி இடக் குறிப்புகளைத் திரட்டினாலோ வெளியிட்டாலோ நூறு கோடி ரூபாய் வரை அபராதமும் ஏழு வருஷம் வரை சிறையும் விதிக்க அதில் இடமிருந்தது. ஏரிக்கரைப் பாதையைக் குறித்துக்கொண்ட ஒரு சைக்கிள்காரன் அந்த நகலின்படி குற்றவாளியாகியிருக்கக் கூடும்! நல்ல வேளையாக அது சட்டமாகவில்லை. 2021 பிப்ரவரி 15-ஆம் தேதி மத்திய சர்க்கார் வெளியிட்ட விதிமுறைகளே, இந்தியப் பிரஜைகளும் ஸ்தாபனங்களும் முன் அனுமதியின்றிப் படம் வரையலாம் என்று கதவைத் திறந்தன. அந்தக் கதவின் வழியே தமிழர் எத்தனை பேர் நுழைந்தார்கள் என்பதே இப்போது கேட்க வேண்டிய கேள்வி.

திருத்தணிகைக்கு வருவோம். 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது சித்தூர் ஜில்லாவோடு இத்தாலுகாவும் அங்கே சென்றது. ம. பொ. சிவஞானம் அவர்களும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைக் கிளர்ச்சியை நமது நேயர்களில் மூத்தோர் அறிவார்கள். படாஸ்கர் அவர்கள் கிராமத்தை அலகாகக் கொண்டு, எந்தக் கிராமத்தில் எந்த பாஷைக்காரர் அதிகம், அக்கிராமம் எதை ஒட்டியிருக்கிறது என்று பார்த்து முடிவு சொன்னார். 1959-ஆம் வருஷத்து எல்லை மாற்றச் சட்டப்படி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணிகை சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. கிராமம் கிராமமாகப் பார்த்து இழுத்த கோடாகையால் அது வளைந்து வளைந்து செல்லும். பள்ளிப்பட்டுப் பக்கம் சைக்கிளில் காலையில் கிளம்பியவர், அறியாமலே ஆந்திரத்துக்குள் சென்று, அறியாமலே திரும்பி வந்து விடலாம். இருபுறத்தாரும் இரு பாஷையும் பேசுகிறார்கள். விசைத்தறியின் ஓசைக்கு எல்லையில்லை. இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் படத்தில் அந்த ஊர்களின் பெயர் எவ்வாறு இருக்கிறது? பல ஊர்களுக்கு ஆங்கில எழுத்தில் ஒரு பெயர். அதுவும் ஒரு படத்தில் ஒரு விதம், மற்றொன்றில் வேறு விதம். தமிழ்ப் பெயரும் இல்லை, தெலுங்குப் பெயரும் இல்லை. கிராமம் கிராமமாகப் போராடிப் பெற்ற எல்லையில், கிராமத்தின் பெயரை அதன் சொந்த பாஷையில் எழுத ஓர் அரைமணி நேரம் செலவிடுவார் இல்லை என்றால், அதை யார் குற்றமென்பது? இதில் ஆந்திர சகோதரர்களோடு சண்டைக்கும் இடமில்லை. பொதுப் படத்தில் இரு பெயர்களையும் அருகருகே பதியலாம். ஒன்று மற்றொன்றை அழிக்க வேண்டியதில்லை.

பெயர் அபிமான விஷயம் என்று தள்ளுவோருக்கு உயிர் விஷயம் ஒன்றையும் சொல்கிறோம். ஆந்திரப் பக்கத்தில் உள்ள கிருஷ்ணாபுரம் அணை நிரம்பினால் கொசஸ்தலையாற்றில் தண்ணீர் திறந்து விடுகிறார்கள். பள்ளிப்பட்டு வட்டாரத்துத் தரைப்பாலங்கள் அப்போது மூழ்கி, கிராமங்கள் துண்டிக்கப்படுகின்றன. 2021 நவம்பர் மழையில் நேர்ந்தது இதுவே. மென்பொருளுக்குத் தரைப்பாலம் ஒரு கயிறு. அக்கயிறு அறுந்தது அதற்குத் தெரியாது. வெளியூர்ப் பிரயாணி ஒருவர் இருட்டில், மழையில், கைப்பேசியின் வெளிச்சத்தை நம்பி வருகிறார். அங்கே இருப்பது பாலமல்ல, வெள்ளத்தில் மூழ்கக்கூடிய தரைப்பாலம் என்று பொதுப் படத்தில் குறிக்க இடமுண்டு. குறித்தால் மழைக்காலத்தில் அவ்வழியைத் தவிர்க்கும்படி மென்பொருளுக்கும் கட்டளையிடலாம். குறிக்க வேண்டியவர் லண்டனில் இல்லை, பள்ளிப்பட்டில் இருக்கிறார்.

மலையேற விரும்பும் சைக்கிள்காரர்களுக்கு இடையிலே ஓர் எச்சரிக்கை. மென்பொருள் காட்டும் ஏற்றத்தின் கணக்கை வேதவாக்காகக் கொள்ளற்க. அக்கணக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆதாரம், 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்கப்பல் ஒன்று பதினொரு நாட்கள் பூமியைச் சுற்றி ராடார் மூலம் எடுத்த உயர அளவு. அது பூமியைச் சுமார் முப்பது மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, சதுரத்துக்கு ஓர் உயரம் சொல்கிறது. மலையின் விலாவைக் குடைந்து போட்ட சாலையில், ஒரு சதுரம் மேற்சரிவிலும் அடுத்தது கீழ்ச்சரிவிலும் விழுந்தால், இல்லாத ஏற்ற இறக்கங்கள் கணக்கில் முளைத்து விடும். தணிகைமலைச் சாலையைச் சில மென்பொருள்கள் ரம்பப் பல்லைப் போலக் காட்டுவது இதனாலேயே. சாலை அப்படியில்லை, சீராகவே ஏறுகிறது. படிகள் 365 என்பதில் மட்டும் எவருக்கும் தகராறில்லை.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். இதுவே நமக்கு அதிகக் கவலை தருவது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தால் 138-ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு சேர்ந்தது. தேசீய நெடுஞ்சாலை போன்ற பொது இடங்களில் பாதசாரிகளும் இயந்திரமில்லாத வண்டிகளும் செல்வதை ஒழுங்குபடுத்த ராஜ்ய சர்க்கார்கள் விதி செய்யலாம் என்கிறது அது. உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் அத்தகைய விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்கும்படி ராஜ்யங்களுக்கு உத்தரவிட்டது. உயிரைக் காக்கும் நோக்கத்தோடு பிறந்த உத்தரவு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒழுங்குபடுத்துவது என்ற சொல் அதிகாரிகளின் கையில் விலக்குவது என்று பொருள்படுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். பெங்களூர்–மைசூர்ப் புது விரைவுச் சாலையில் 2023 ஆகஸ்ட் முதல் மோட்டார் சைக்கிள், ஆட்டோ, டிராக்டர், மிதிவண்டி யாவும் தடுக்கப்பட்டன. அங்கே பக்கச் சாலை இருக்கிறது என்று சமாதானம் சொன்னார்கள். திருத்தணிகை வழியே செல்லும் நெடுஞ்சாலையில் நாளை அத்தகைய தடை வந்தால், அரக்கோணத்திலிருந்தும் திருவாலங்காட்டிலிருந்தும் வரும் தொழிலாளி எவ்வழியே மிதித்துச் செல்வார்? மாற்று வழி இது, இவ்வளவு தூரம், இன்ன இன்ன இடத்தில் விளக்கில்லை, இந்தத் தரைப்பாலம் மழையில் மூழ்கும் என்று ஒரு படத்தை மேஜைமேல் விரித்துக் காட்டக் கூடியவர்களின் ஆட்சேபத்துக்குத்தான் சர்க்கார் காது கொடுக்கும். வெறுங்கையோடு செல்லும் மகஜருக்குக் கிடைக்கும் மரியாதையை நாம் அறிவோம்.

சைக்கிள் என்பது வாரக் கடைசியில் விலையுயர்ந்த வண்டியில் இருநூறு கிலோமீட்டர் சுற்றும் கனவான்களின் விளையாட்டு என்று எண்ணுகிறவர்கள் ஜனக் கணக்கைப் பார்க்க வேண்டும். 2011-ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பில் இந்தியக் குடும்பங்களில் நூற்றுக்கு 44.8 குடும்பங்களில் சைக்கிள் இருந்தது. மோட்டார் சைக்கிள் உள்ள குடும்பங்கள் அதில் பாதிக்கும் குறைவே. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கத்தோடு பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிளேறக் கற்றுக் கொண்டது உலகமே கவனித்த சம்பவம். 2001 முதல் தமிழக சர்க்கார் மாணவியருக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச சைக்கிள், படிப்படியாக விரிந்து மாணவர்களுக்கும் கிடைத்தது. வண்டி கொடுத்தவர்கள் வழி கொடுத்தார்களா? பள்ளிக்கூடத்து வாசல் வரை பத்திரமாக மிதித்துச் செல்லும் மார்க்கம் எது என்று காட்டும் படம் ஒன்றாவது எந்தப் பள்ளிச் சுவரிலாவது தொங்குவதை நாம் பார்த்ததில்லை.

ஆதலால் நாம் கேட்பது இரண்டே. கிராமச் சாலைகளில் எது தார், எது மண், எது எப்போது செப்பனிடப்பட்டது, எந்தப் பாலம் மூழ்குவது என்ற விவரங்கள் நெடுஞ்சாலை இலாகாவின் கோப்புகளிலும் ஊராட்சி ஒன்றியங்களின் கோப்புகளிலும் ஏற்கெனவே இருக்கின்றன. அவை ஜனங்கள் பணத்தில் திரட்டியவை. எவரும் எடுத்துப் படத்தில் சேர்க்கக்கூடிய உருவத்தில் அவற்றைத் தமிழக சர்க்கார் வெளியிட வேண்டும். ஆடிக் கிருத்திகைக்கு லக்ஷக்கணக்கில் காவடிகள் வரும் நாட்களில் எந்தச் சாலைகள் அடைக்கப்படும் என்பதையும் ஜில்லா அதிகாரிகள் அவ்விதமே முன்கூட்டி வெளியிடலாம்; கடைசி நாளில் கம்பத்தில் ஒட்டும் நோட்டீஸ் கும்பகோணத்திலிருந்து புறப்படுகிறவருக்குப் பயன்படாது.

இரண்டாவது, நம்மவர் செய்ய வேண்டியது. பொதுப் படத்தில் பதிவு செய்யப் பொறியியற் பட்டம் தேவையில்லை. ஸ்ட்ரீட் கம்ப்ளீட் என்னும் மென்பொருள் கைப்பேசியில் சிறு சிறு கேள்விகளாகக் கேட்கிறது: இச்சாலை தாரா, மண்ணா? இங்கே விளக்கு உண்டா? பதில் சொன்னால் அது படத்தில் ஏறுகிறது. இதிலும் அபாயமில்லாமலில்லை. தெரியாததைத் தெரிந்தது போலப் பதிபவர்கள் அங்கும் உண்டு. எல்லைக்கோட்டிலும் ஊர்ப்பெயரிலும் வீம்புக்கு அடித்துத் திருத்துவோரும் உண்டு. நேரில் கண்டதை மட்டுமே பதிவது என்ற அப்படத்தாரின் விதியை நம்மவர் கண்டிப்பாய்க் கைக்கொள்ள வேண்டும். ஒரு பள்ளியின் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் தமக்குக் கிடைத்த சைக்கிளில் ஆளுக்கு ஐந்து கிலோமீட்டர் சுற்றிப் பதிந்தால், ஒரு மாதத்தில் ஒரு ஒன்றியம் முழுவதும் படத்தில் ஏறிவிடும்.

பள்ளிப்பட்டு, இராமகிருஷ்ணராஜுப்பேட்டை, திருவாலங்காடு வட்டாரங்களில் உள்ள நேயர்கள், தத்தம் ஊரருகே மழையில் மூழ்கும் தரைப்பாலங்களின் பெயரையும், எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடையில் அவை இருக்கின்றன என்பதையும் நமக்கு எழுதியனுப்பினால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக இப்பத்தியில் பிரசுரிப்போம். ஏரிக்கரையில் நாம் இறங்கிய பள்ளத்தின் இருப்பிடத்தைப் படத்தில் நாமே குறித்தாயிற்று.